முதல் தொட்டில்

அந்த மருத்துவமனையில் பிறந்த குழந்தை மூன்று கிலோவைத் தாண்டிவிட்டால் யாரும் மிட்டாய் கொடுப்பதில்லை. பிரசவ அறைக் கதவைத் திறந்து எடையைச் சொன்னதும் வெளியே நிற்கிற சொந்தக்காரர்களின் முகம் செத்துப்போகும். இரண்டு கிலோ முன்னூறு, இரண்டு கிலோ நூறு என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு தடவை ஒரு தகப்பன், "ஒண்ணு எண்ணூறா? மாதாவே!" என்று தரையில் உட்கார்ந்து அழுதான். சந்தோஷத்தில்.

பச்சைக்குழந்தை வார்டின் தலைமை நர்ஸ் சலோமிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது.

தொட்டில் சுரம் என்று ஊர் பெயர் வைத்த அந்த நோய் பெரியவர்களை ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் மூக்கு ஒழுகும், போய்விடும். அதே கிருமி பிறந்து நாற்பது நாளாகாத குழந்தையின் மூக்கில் ஏறினால் மூன்றாம் நாள் மூளை வீங்கிவிடும். பெரும்பாலும் தாய் கொடுக்கிற முத்தத்தில்தான் அது போய்ச் சேர்ந்தது. முதல் வருடம் உப்பளக்கரை ஊர்களில் மட்டும் நானூற்றுச் சொச்சம் குழந்தைகளைப் புதைத்தார்கள்.

ஊசி எதுவும் பச்சைக்குழந்தை உடம்பில் எடுபடவில்லை. கடைசியில் மூக்கில் விடுகிற ஒரு சொட்டு மருந்து வந்தது. அது வந்த அன்று டாக்டர் தணிகைவேல் சலோமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது செத்த கிருமி இல்ல சிஸ்டர். உயிரோடதான் இருக்கு. பாதி அடக்கி அனுப்பியிருக்காங்க. மீதிப் பாதிய ஒரு குழந்தையோட உடம்புதான் அடக்கணும். ஜல்லிக்கட்டு பாத்திருப்பீங்கல்ல? வாடிவாசல்லேர்ந்து வர்ற காளைய முதல்ல ஒருத்தன் திமிலப் பிடிச்சுத் தொங்கணும். அது நின்னுட்டா, அப்புறம் யார் வேணா கயித்தப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம். ஒரு குழந்தைக்கு சொட்டு விட்டா, ரெண்டு நாள்ல அதோட மூச்சுல அடங்கின கிருமி வெளிய வரும். வார்டுல இருக்கிற அத்தனை குழந்தைக்கும் தானாப் பரவும். நோயா இல்ல, காவலா."

"முதல்ல பிடிக்கிறவனுக்கு சார்?"

"குத்து விழலாம்."

"எத்தனை பேருக்கு?"

டாக்டர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "பத்துல மூணு குழந்தைக்குக் காது போயிடும். முப்பதுல ஒண்ணு தங்காது."

"அடங்கின கிருமிய எடுத்துப் பாட்டில்ல வெச்சுக்கிட்டா என்ன? ஒவ்வொரு தடவையும் என்னத்துக்குப் புதுசா ஒரு புள்ள?"

"பாட்டில்ல செத்துப் போயிடுது. குழந்தை விட்டுக் குழந்தை தாவினாத்தான் உயிரோட இருக்கு. அதுவும் மூணு வாரம். அப்புறம் ஓஞ்சுடும். மறுபடி முதல்லேர்ந்து."

ஆகவே இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை ஒரு குழந்தை. எந்தக் குழந்தை என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். மூன்று கிலோவுக்கு மேல் உள்ள குழந்தைகளுக்குள்தான் குலுக்கல். அதற்குக் கீழே என்றால் காளை ஜெயித்துவிடும், கிருமி குழந்தை விட்டுக் குழந்தை தாவுகிற வரிசை அறுந்துவிடும். தாய்மார்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எந்தக் குழந்தைக்குச் சொட்டு, எவற்றுக்கு மூச்சு என்று அதில் எழுதியிருக்காது. குளிர்காற்று வருகிற துளைக்கு நேர் கீழே, வார்டின் தலைமாட்டில் ஒரு தொட்டில் போட்டார்கள். டாக்டருக்கும் சலோமிக்கும் மட்டும் அதன் பெயர் முதல் தொட்டில்.

ரகசியம் ஆறு மாதம் நின்றது. காது கேளாத குழந்தைகளின் தாய்மார்கள் கோயிலிலும் ரேஷன் கடையிலும் சந்தித்துக்கொண்டபோது, எல்லார் குழந்தையும் பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்தது என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எந்தக் கர்ப்பிணியும் வயிறாரச் சாப்பிடவில்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து கஞ்சித்தண்ணீர். சிலர் புகையிலை போட்டார்கள், குழந்தை வளராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு.

போன பங்குனியில் வார்டில் மூன்று கிலோக் குழந்தை ஒன்றுகூட இல்லை. வரிசை ஆரம்பிக்கவில்லை. ஒன்பது நாளில் பதினொரு குழந்தைகள். பதினொன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றித் தகப்பன்மார் கையில் கொடுத்தது சலோமிதான். பதினோராவது குழந்தையைச் சுற்றும்போது அவள் மனதில் ஒன்றை முடிவு செய்தாள். தான் இருக்கிறவரை இன்னொரு பங்குனி வரக்கூடாது.

*

செண்பகம் ஆவணி மாதம் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்தாள். ஆறு மாதம். மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரி. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருவனுக்குக் கழுத்தை நீட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிற தகரக் குடியிருப்பில் இருந்தாள். முதல் குழந்தை அங்கேயே வீட்டில் பிறந்து, பதினெட்டாம் நாள் சுரத்தில் போய்விட்டது.

"இந்தத் தடவை என்ன ஆனாலும் இங்கதான் பெறணும்னு வந்துட்டேன் சிஸ்டர்" என்றாள். "நான் நல்லாச் சாப்பிடலாம்லா?"

சலோமி ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"ஏன், யாராவது சாப்பிடாதேன்னு சொன்னாங்களா?"

"என்கிட்ட யாரு சிஸ்டர் பேசுதா? எங்க குடியிருப்புல நாலு வீடு. மூணு வீடு வடக்கத்திக்காரவுக. அவுக பாஷை எனக்குத் தெரியாது."

சலோமி சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் இருந்த மற்றப் பெண்கள் கன்னம் ஒட்டிப்போய், தங்கள் வயிற்றைத் தாங்களே பயத்தோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் செண்பகத்தை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நல்லாச் சாப்பிடு. புள்ள திடமா இருந்தாத்தான் சுரத்தைத் தாங்கும். இங்க பெஞ்சுல இருக்கிறவங்ககிட்ட ரொம்பப் பேச்சு வெச்சுக்காத. ஆளுக்கு ஒண்ணு சொல்லி உன்னைக் குழப்புவாங்க. என்ன சந்தேகம்னாலும் நேரா என்கிட்ட வா."

அன்றிலிருந்து செண்பகம் வரும்போதெல்லாம் உள்ளறையில் அவித்த முட்டை இருந்தது. சத்துமாவுப் பொட்டலம் இருந்தது. கடலை உருண்டை, பேரீச்சை, வேறு யாரும் வாங்கிப் போகாததால் மூட்டையோடு கிடந்த இரும்புச்சத்து மாத்திரை, எல்லாம் அவளுக்கே. செண்பகம் சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். பையன் பிறந்தால் என்ன பெயர், பெண் பிறந்தால் என்ன பெயர் என்று சொல்வாள். சலோமி பேனாவால் எடையைக் குறித்துக்கொள்வாள்.

"எங்கூடப் பொறந்தவ இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்றாள் ஒரு நாள், வாயில் முட்டையோடு.

"பேசாமச் சாப்பிடு, புரை ஏறிடும்" என்றாள் சலோமி.

சலோமிக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். ஹெப்சிபா. பன்னிரண்டு வயது இளையவள். அப்பா அம்மா போன பிறகு சலோமிதான் அவளை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹெப்சியின் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். அதனால் கர்ப்பமானதும் அவள் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்கும் செண்பகத்துக்கும் ஒரே கணக்கு, ஒன்றிரண்டு நாள்தான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து மதியச் சாப்பாடு. ஹெப்சி மீன்குழம்பை ஊற்றி இரண்டாவது தடவை சோற்றுக்குக் கை நீட்டினாள். சலோமி பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எக்கா, பசிக்கு."

"போதும்."

"தலை சுத்துது எனக்கு. காலைல ஒரு இட்லிதான் தந்த."

"தண்ணி குடி."

ஹெப்சி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "ஊர்ல பேசுதது நெசந்தானா? குண்டுப் புள்ளையா எடுத்து என்னமோ பண்ணுதாங்கன்னு? நீ அங்கதானே இருக்க. சொல்லு."

"ஊர் ஆயிரம் பேசும்."

"பின்ன என்னத்துக்கு எனக்குச் சோறு தர மாட்டேங்க?"

சலோமி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஹெப்சிக்கு அதுவே பதிலாகப் போதும். அதன் பிறகு அவள் சோறு கேட்கவில்லை.

*

கார்த்திகை மழையில் இருவரும் ஒரே வாரம் வந்து படுத்தார்கள். ஹெப்சிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ இருநூறு. சலோமி குழந்தையைத் துடைக்கும்போதே, தராசு காட்டிய எண்ணைப் பார்த்து, சத்தமில்லாமல் ஸ்தோத்திரம் சொன்னாள். மறுநாள் செண்பகத்துக்கு வயிற்றைக் கீறிப் பையனை எடுத்தார்கள். மூன்று கிலோ இருநூறு. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. கத்திய கத்தலில் பிரசவ அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை நிறுத்தினார்கள்.

வரிசை ஆரம்பிக்கிற நாள் வந்தது. டாக்டர் கணினித் திரையைச் சலோமி பக்கம் திருப்பினார்.

"பத்தொம்பது குழந்தையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு சிஸ்டர். குலுக்கலே வேண்டாம்."

"சரி சார்."

"நீங்க ஏற்பாடு பண்ணின புண்ணியம். இல்லாட்டி இன்னொரு பங்குனி." அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

காலை பத்து மணிக்கு சலோமி பையனை முதல் தொட்டிலில் கிடத்தினாள். செண்பகம் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு மூக்குத் துளையிலும் ஒவ்வொரு சொட்டு. பையன் முகத்தைச் சுளித்து அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டான்.

"நூறு! இருநூறு!" என்று வாழ்த்திச் சிரித்தாள் செண்பகம். "பாருங்க சிஸ்டர், தும்மல்கூட எவ்வளவு பலமா இருக்குன்னு. எல்லாம் நீங்க குடுத்த சாப்பாடு."

அவன் காளையை நிறுத்திவிட்டான். மூன்றாம் நாள் சோதித்தபோது வார்டில் இருந்த மற்ற பதினெட்டில் பதினேழு குழந்தைகளின் ரத்தத்தில் காவல் ஏறியிருந்தது. அன்று மாலையே அவனுக்குச் சூடு கூடியது. நான்காம் நாள் கண்ணைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, செண்பகம் அவன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள், முழித்துப் பால் குடிப்பான் என்று. சலோமிதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இதயம் பலவீனம் என்று டாக்டர் எழுதினார். உப்பளத்திலிருந்து தகப்பன் வந்து, துணிச்சுருளை வாங்கிக்கொண்டு போனான்.

சலோமி இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை சாப்பிட்டாள். அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது. அந்தப் பதினெட்டில் காவல் ஏறாத ஒரே குழந்தை ஹெப்சியின் மகள்.

"எடை போதல" என்றார் டாக்டர். "கிருமி வந்திருக்கு. எதிர்த்து நிக்க உடம்புல தெம்பில்லாததால தங்காமப் போயிடுச்சு. அடுத்த வரிசையில பிடிச்சுக்கும். அதுவரைக்கும் கண்ணாடி அறைய விட்டு வெளிய கொண்டு போகாதீங்க. ஊர்ல சுரம் இருக்கு."

குழந்தை தினமும் இளைத்தது. ஹெப்சிக்குப் பால் இல்லை. நான்கு மாதம் அரைவயிறாகக் கிடந்த உடம்பில் எங்கிருந்து வரும்? பவுடர் பாலைக் குழந்தை கக்கியது. மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கிக் குளிர்பெட்டியில் வெறும் தட்டுகள் இருந்தன. அந்தக் கரையில் எந்தத் தாயிடமும் கொடுக்க மிச்சம் இல்லை. ஒன்பதாம் நாள் குழந்தையின் எடை இரண்டு கிலோ ஐம்பது. அழுகை பூனைக்குட்டி முனகல் மாதிரி ஆகிவிட்டது.

பத்தாம் நாள் காலை செண்பகம் நர்ஸ்கள் மேசைக்கு வந்து நின்றாள். தையல் ஆறாததால் அவளை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சேலையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"சிஸ்டர், பால் கட்டிக்கிட்டுக் கல்லு மாதிரி இருக்கு. பீச்சிக் கீழ ஊத்த மனசு வரல. உங்க தங்கச்சி புள்ள பசியில கெடக்குன்னு சொன்னாவ. நான் குடுக்கட்டுமா?"

சலோமிக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. "வேண்டாம் செண்பகம். உனக்கு உடம்பு…"

"எனக்கு என்ன சிஸ்டர். உடம்பு நல்லாத்தானே இருக்கு."

கண்ணாடி அறைக்குள் குழந்தை முனகியது. சலோமி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

குழந்தை முதலில் திணறியது. பிறகு பிடித்துக்கொண்டது. அது விழுங்குகிற சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. ஹெப்சி கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செண்பகம் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவ புள்ளைதானே அது? இந்தத் தடவை?"

"ம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஹெப்சி மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கும் வருவாளா?"

*

நாளைக்கும் வந்தாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வந்தாள். தையல் ஆறி வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் போகவில்லை. வார்டு வராந்தாவிலேயே பாயை விரித்துக்கொண்டாள். மருத்துவமனைச் சாப்பாட்டில் தன் பங்கோடு, பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்கள் தொடாமல் வைத்துவிட்ட முட்டையையும் எடுத்துச் சாப்பிட்டாள். நிறையத் தண்ணீர் குடித்தாள். குழந்தையின் கன்னத்தில் நிறம் வந்தது. கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது.

சலோமி தினமும் எடையைப் பார்த்தாள். முதலில் சந்தோஷமாக. பிறகு மனக்கணக்குப் போட்டபடி. நாளுக்கு நாற்பது கிராம். அடுத்த வரிசைக்குள் இரண்டு அறுநூறுக்கு மேல் போகாது. மூன்றுக்கு இன்னும் நானூறு குறைச்சல். பயமில்லை. ஆனாலும் ஒரு தடவை செண்பகத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

"இவ்வளவு தடவை வேண்டாம் செண்பகம். நாலு தடவை போதும்."

"புள்ள பசிச்சு அழுதே சிஸ்டர்" என்றாள் செண்பகம், ஆச்சரியமாக.

இருபத்துநாலாம் நாள் காலை ஹெப்சி தொட்டிலோடு இருந்த தராசைப் பார்த்துக் கத்தினாள். "எக்கா, ரெண்டு அறுநூத்திப் பத்து! பாத்தியா!" அவள் சிரித்துப் பல நாளாயிற்று.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் சுற்றறிக்கை இருந்தது. மாவட்டம் முழுக்க மூன்று கிலோக் குழந்தை ஒன்றுகூட இல்லை என்பதால், இன்று முதல் எல்லை இரண்டு கிலோ அறுநூறாகக் குறைக்கப்படுகிறது. பழைய வரிசையில் காவல் ஏறாத, நாற்பது நாளுக்கு உட்பட்ட குழந்தைகளும் குலுக்கலில் சேரும்.

திரையில் ஒரே ஒரு பெயர். ஹெப்சிபாவின் பெண் குழந்தை.

சலோமி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்."

"பத்து கிராம் சார். பத்து கிராம்தானே. காலைல ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்த எடை."

"தொட்டிலே எடையைக் கணினிக்கு அனுப்பிடுது. நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்குத் தெரியும்."

"குறைஞ்ச எடைன்னா ஆபத்து கூடுமே?"

"கூடும். பத்துல மூணுன்னு இருந்தது ஆறாகலாம்னு போட்டிருக்காங்க."

"நான் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போகலாம். நான் மறிக்க மாட்டேன். காவல் இல்லாத குழந்தைய ஊருக்குள்ள கொண்டு போறீங்க, அது உங்க இஷ்டம். இங்க வார்டுல புதுசா பத்தொம்பது இருக்கு. நேத்து ஒரு தாய்க்கு மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருக்கு. பங்குனில பதினொண்ணு சுத்தினீங்க. இந்தத் தடவை துணி கொஞ்சம் கூடுதலா எடுத்து வைக்கச் சொல்லணும்." பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "அந்த உப்பளத்துப் பொண்ணோட பையனுக்கு நீங்க இவ்வளவு நேரம் எடுத்துக்கல."

சலோமி வெளியே வந்தாள். வராந்தாவில் செண்பகம் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். சலோமி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

செண்பகம் சொம்பைக் கீழே வைத்தாள். "எதைக் கேக்கீங்க?"

"எல்லாம். முதல் தொட்டில். மூணு கிலோ."

"தெரியும்."

"எப்ப?"

"அவனுக்குச் சூடு வந்தப்பவே பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. 'உனக்கு ஒருத்தரும் சொல்லலியா, நாங்கல்லாம் அதுக்காகத்தானே பட்டினி கெடந்தோம்'னு. பாவப்பட்டுத்தான் சொன்னா. சொல்லிட்டு அவ புள்ளையத் தூக்கி முத்தம் குடுத்துக்கிட்டா."

"தெரிஞ்சுமா வந்து பால் குடுத்த? எடை கூடினா என்ன ஆகும்னு தெரிஞ்சுமா?"

"மூணு கிலோன்னுல்லா சொன்னா. அது ரெண்டு அறுநூறாகும்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியலியே." செண்பகத்துக்கு நடந்தது அதற்குள் தெரிந்திருந்தது. அந்த வார்டில் சுவருக்குக்கூடக் காது இருந்தது.

"ஆகியிருக்காட்டி? மூணு ஆகிறவரைக்கும் குடுத்திருப்பியா?"

செண்பகம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அழுகையும் இல்லை.

"பசிச்ச புள்ளைக்குப் பால் குடுத்தேன் சிஸ்டர். நான் செஞ்சது அவ்வளவுதான். நீங்க எனக்கு முட்டை அவிச்சுக் குடுத்தீங்கள்லா, அதே மாதிரி."

*

பதினொரு மணிக்கு சலோமி கண்ணாடி அறைக்குள் போய்த் தொட்டிலின் சக்கரத் தடையை விடுவித்தாள். ஹெப்சி தலை வாரிக்கொண்டிருந்தாள். தொட்டில் கதவைத் தாண்டும்போதுதான் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். சீப்பு கையிலிருந்து விழுந்தது.

"எக்கா. எக்கா, அது மூணு கிலோல்லா? மூணு கிலோன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?" அவள் ஓடிவந்து தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு அறுநூறுதானே இருக்கு. நீயே பாரு. எண்ணைப் பாரு."

சலோமி அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தாள். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. "நீ தந்த சோத்தத்தானே தின்னேன்! நீ சொன்னபடிதானே கெடந்தேன்!" என்று ஹெப்சி அலறினாள். இரண்டு ஆயாக்கள் வந்து அவளை இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். வார்டில் இருந்த பத்தொன்பது தாய்மார்களும் அதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகத் தன் தொட்டிலை முதல் தொட்டிலுக்குச் சற்று அருகில் நகர்த்தினாள்.

இளைய நர்ஸ் ஒருத்தி, "நான் விடட்டுமா சிஸ்டர்?" என்று மருந்துக்குக் கை நீட்டினாள். சலோமி கொடுக்கவில்லை. இரண்டு சொட்டும் அவளே விட்டாள். குழந்தை தும்மவில்லை. நாக்கை நீட்டி உதட்டைத் தடவிக்கொண்டு மறுபடி தூங்கப் போயிற்று.

மூன்றாம் நாள் பத்தொன்பது குழந்தைகளுக்கும் காவல் ஏறிவிட்டது. டாக்டர் சலோமியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். குழந்தைக்குச் சுரம் வந்தது. அன்று முழுவதும் செண்பகம் பாலைப் பீச்சி, கரண்டியால் துளித் துளியாக அதன் வாயில் விட்டாள். ஹெப்சி அக்காவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். செண்பகத்தின் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மாலை சூடு இறங்கியது. குழந்தை கண்ணைத் திறந்து பால் குடித்தது. ஹெப்சி முழங்கால் போட்டு, தொட்டில் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். சலோமி தூரத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. கிட்டே போகவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டு வண்டி வந்தது. ஆயா அடுக்கிவைத்திருந்த எவர்சில்வர் தட்டுகளை எடுக்கப்போய்க் கை தவறிவிட்டாள். நாற்பது தட்டுகளும் சிமெண்டுத் தரையில் கொட்டி உருண்டன. தாய்மார்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பத்தொன்பது தொட்டிலிலும் குழந்தைகள் கையை விரித்து உதறி, வீரிட்டு அழுதன. கடைசித் தட்டு ஒன்று சுவர்வரை ஓடிப்போய், சுழன்று சுழன்று, சலோமியின் காலடியில் வந்து படுத்தது.

முதல் தொட்டிலில் குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஹெப்சி அதன் காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மூன்றாவது தடவை தட்டப் போனபோது செண்பகம் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தை விரலால் தொட்டாள். தூக்கத்திலேயே அதன் வாய் அந்த விரல் பக்கம் திரும்பியது.

"பசி தெரியுதுல்லா" என்றாள் செண்பகம். "இப்ப அது போதும்."

வார்டு முழுக்க அழுகைச் சத்தமாக இருந்தது. தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, அங்கும் இங்கும் நடந்தார்கள். சலோமி குனிந்து தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, கர்ப்பிணிகள் காத்திருந்த கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். அடுத்த வரிசைக்குப் பதினாறு நாள் இருந்தது.